கக்கூசுக் குழிக்குள் ரோமாபுரி

நளீபா உட்கார்ந்து சாப்பிட்டதை அந்த வீட்டில் நான் இருந்த காலத்தில் இரண்டொரு தடவைதான் கண்டிருப்பேன். சோற்றுக் கோப்பையைக் கையில் ஏந்தியபடி நடப்பாள். நடந்தபடியே கைத்தொலைபேசியில் வாசிப்பாள். வாசித்ததைச் சொல்ல ஆள் தேடுவாள். அகப்படுவது பெரும்பாலும் நான்தான். அவளுடைய தாயின் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பவளால் ஓட முடியாது.

தாய் நஜ்முன்னிஸாவுக்கு வயது அறுபது தாண்டிவிட்டது. கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. பெரியாஸ்பத்திரியில் ஒப்பரேஷன் செய்து வீட்டுக்கு அனுப்பியபோது, பகலில் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று மகன் மின்ஹாஜ் என்னைத் தேடி உடுவிலுக்கு வந்தான். வீட்டில் நோயாளரைப் பராமரிக்கப் பயிற்சி எடுத்து, அதையே தொழிலாகச் செய்தவள் நான். தாதி அல்ல என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். இருந்தும் அந்த வீட்டில் எல்லோருக்கும் நான் 'மிஸி' ஆகிவிட்டேன்.

வீடு யாழ்ப்பாண நகரத்தில், சோனகதெருவை அண்டிய ஓர் ஒழுங்கையில் இருந்தது. வளவு தகப்பனுடைய பரம்பரைச் சொத்து. தொண்ணூறாம் ஆண்டில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனம் எல்லாவற்றோடும் அவரும் இயக்கத்தால் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் அகதிக் குடியிருப்பில் இருந்தபோது முசலிப் பக்கத்து நஜ்முன்னிஸாவைக் கலியாணம் செய்தவர். பிள்ளைகள் இரண்டும் அங்கேதான் பிறந்தன. போர் முடிந்த பின் அவர் தனியாக முதலில் வந்து, வளவைத் துப்புரவாக்கி, இடிந்த வீட்டைத் திருத்தி, பிறகு குடும்பத்தை அழைத்தார். வந்து சில வருடத்தில் மாரடைப்பில் மௌத்தாகிவிட்டார். மின்ஹாஜ் தையல் கடை வைத்திருந்தான். நளீபா பல்கலைக்கழகத்தில் தொல்லியல் இறுதி வருடம்.

தொல்லியல் என்றால் அவளுக்குக் கிரேக்கமும் ரோமாபுரியும்தான். இங்கே அதற்கு இருப்பது ஒரே ஒரு பாடம். ஒரு தவணை படித்துப் பரீட்சை எழுதினால் மற்றப் பிள்ளைகளுக்கு முடிந்தது. இவளுக்கு முடியவில்லை. சாடிகளின் பிடிகளை மட்டும் நூற்றுக்கணக்கில் கீறி வைத்திருந்தாள், அதுவும் தமையன் அளவு வெட்டும் மண்ணிறத் தாளின் பின்பக்கத்தில். கடையில் அவன் சட்டைக்கை வெட்டத் தாளைத் திருப்பினால் அங்கே கிரேக்கச் சாடி ஒன்றின் கழுத்து நிற்கும். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு உனக்கு ஏதென்ஸ் என்னத்துக்கு என்று அவன் கேட்பான். நானா என்று அவனைக் கூப்பிட்டு அவள் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான், எங்கள் உடுவிலுக்குப் பக்கத்துக் கந்தரோடையைப் பற்றி.

“கந்தரோடையிலை எடுத்த ரோமக் காசு தானா நடந்து வந்ததோ, நானா? கொண்டு வந்தவன்ரை ஊரைப் பாக்கக் கூடாதோ?”

பார்க்க ஒரு வழியும் வைத்திருந்தாள். கிரேக்கத்தில் கோடை காலத்தில் நடக்கும் ஓர் அகழ்வுப் பயிற்சி, வெளிநாட்டு மாணவர் சிலரைச் செலவு கொடுத்து எடுப்பார்கள். விண்ணப்பிப்பவர் தானே செய்த கள வேலை ஒன்றைப் பற்றி அறிக்கை அனுப்ப வேண்டும். வகுப்போடு போய்ச் செய்தது கணக்கில்லை. நளீபாவிடம் தனக்கென்று ஒரு சாண் நிலமும் இருக்கவில்லை. அந்தக் கவலையில்தான் அவள் கோப்பையும் கையுமாக நடந்துகொண்டிருந்தாள்.

எனக்கு இருந்த கவலை வேறு. அந்த வளவில் கக்கூசு இல்லை. பக்கத்து வளவில், சொந்தக்காரருடன் பொதுவான ஒன்றைத்தான் பாவித்தார்கள். குந்தி இருக்கும் வகை, போகும் வழியில் மூன்று படி. இடுப்பில் ஆணி அடித்த மனுஷிக்கு அது சரிவராது. படுக்கையில் சட்டி வைத்தோம். நஜ்முன்னிஸா ஐந்து நேரமும் கதிரையில் இருந்து தொழுகிறவர். சட்டி இருக்கிற அறையிலேயே தொழ வேண்டி வந்தது அவருக்குப் பெரிய உபாதை. நோவைப் பற்றி அவர் ஒரு நாளும் முறையிடவில்லை. இதைப் பற்றித்தான் முறையிட்டார். அறையோடு சேர்த்து ஒரு கக்கூசு கட்டச் சொல்லி நான் மின்ஹாஜை அரித்தேன். அவனும் ஒத்துக்கொண்டான்.

குழி எங்கே வெட்டுவது என்பதில் யோசிக்க இடமே இருக்கவில்லை. முன்பக்கம் அவர்களுடைய கிணறு. பின்மதிலுக்கு அப்பால் அயலவர் கிணறு. இரண்டுக்கும் தூரமாக இருக்க வேண்டும் என்று சுகாதாரப் பரிசோதகர் சொல்லிவிட்டார். நம்முடைய சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் எல்லாம் ஊறி ஓடும், அவர் சொன்னது சரி. இருக்கை தொழும் திசையான கிப்லாவைப் பார்க்கவும் கூடாது, அதற்கு முதுகு காட்டவும் கூடாது. இவ்வளவையும் கழித்துப் பார்த்தால், கோழிக்கூடு நின்ற வடமேற்கு மூலை ஒன்றுதான் மிஞ்சியது. மின்ஹாஜ் இரண்டு ஆட்களைப் பிடித்தான். மேல் மண்ணை வெட்டி எடுத்த பிறகு கல்லு வரும், அதற்கு மெசின் கொண்டுவர வேண்டும் என்றார்கள். முழங்கால் ஆழம் போயிருக்கும். அலவாங்குக் கம்பியில் ஏதோ தட்டுப்பட்டது.

அந்த நேரம் பார்த்து நளீபா வகுப்பால் வந்தாள். சப்பாத்தோடு குழிக்குள் குதித்தாள். வெட்டியவர் பயந்து ஏறிவிட்டார். அவள் மண்ணைத் துடைத்து எடுத்தது மணிக்கட்டுத் தடிப்பில் ஒரு சாடிப் பிடி, ஒரு துண்டுக் கழுத்தோடு. எனக்கு அது உடைந்த சாடியின் பிடி, அவ்வளவுதான். அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குழிக்கு நடுவில் நின்றாள்.

“ஆரும் இனி இதுக்குள்ளை இறங்கக் கூடாது” என்றாள். ஆட்களை அன்று மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

அடுத்த நாள் அவளுடைய விரிவுரையாளர் நாகேஸ்வரி ஸ்கூட்டியில் வந்தார். பிடியை இரண்டு கையாலும் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரோமாபுரிப் பக்கத்து எண்ணெய்ச் சாடியாக இருக்கலாம் என்றார். நளீபா மேலும் கீழும் நடக்கத் தொடங்க, அவர் அவளை நிறுத்திச் சொன்னார்.

“இருக்கலாம் எண்டுதான் சொன்னனான். பிடியை மட்டும் வைச்சுக்கொண்டு நீர் ஒண்டும் எழுதேலாது. எந்த மண்ணுக்குள்ளை, எதோடை சேர்ந்து கிடந்தது எண்டு காட்ட வேணும்.”

அறிவிக்க வேண்டிய அலுவலகத்துக்குத் தானே அறிவிப்பதாகவும், அதற்கிடையில் ஒழுங்காகத் தோண்டிப் பதியும்படியும் சொல்லிப் போனார். நளீபா தமையனிடம் ஒரு கிழமை கேட்டாள். அவன் தாயைப் பார்த்தான். தாய் சரி என்று தலையாட்டினார்.

அப்படித் தொடங்கியது. நான்கு மூலையிலும் ஆணி அடித்து நூல் கட்டினாள். மேசன்மார் பாவிக்கும் சாந்தகப்பையால் பெருவிரல் தடிப்பில் மண்ணைச் சுரண்டினாள். ஒவ்வொரு படையின் மண்ணையும் வேறு வேறு வாளியில் போட்டு அரித்தாள். அரிப்பதற்கு எங்கே தட்டு எடுத்தாள் என்பது மூன்றாம் நாள்தான் தெரிந்தது. நஜ்முன்னிஸாவை நான் யன்னலோரக் கதிரையில் இருத்தியிருந்தேன்.

“மகள், அது புட்டு மா அரிக்கிற அரிதட்டெல்லோ?”

“கழுவித் தருவன் உம்மா.”

“கக்கூசுக் குழி மண்ணை அதிலையோ அரிக்கிறாய்?”

“இன்னும் கக்கூசு வரயில்லையே உம்மா. இப்ப இது வெறும் மண்.”

பிடியோடு பொருந்தும் துண்டுகள் இன்னும் மூன்று கிடைத்தன. அவள் இரவில் நித்திரை கொள்வதில்லை என்று தாய் சொன்னார். காலையில் நான் வரும்போது ஏற்கெனவே குழிக்குள் நிற்பாள். ஒரு கிழமை கழிந்தது. இன்னும் கொஞ்சம் என்றாள். ஐப்பசி மழை இருட்டிக்கொண்டு வந்து வந்து திரும்பிப் போனது. மின்ஹாஜ் கடைக்குப் போகும்போது வானத்தைப் பார்ப்பான், குழியைப் பார்ப்பான், மோட்டார் சைக்கிளை உதைப்பான். அவள் குழியின் மேல் தறப்பாள் ஒன்றைக் கட்டிவிட்டு அதன் கீழே குனிந்து தோண்டினாள்.

இந்த நாட்களில் நஜ்முன்னிஸாவின் சிறுநீர் தேயிலைச் சாயம் போல் வந்தது. படுக்கையில் கிடக்கும் பெண்கள் பலர் செய்கிற வேலைதான். சட்டி கேட்க வெட்கப்பட்டுத் தண்ணீரைக் குறைப்பார்கள். நான் நேரத்துக்கு ஒரு தம்ளர் என்று வைத்தேன். தம்ளர் வெறுமையாகத்தான் திரும்பி வந்தது. சிறுநீரின் நிறம் மட்டும் மாறவில்லை. மின்ஹாஜிடம் சொன்னேன். அன்று பின்னேரம் அவன் நேரே குழியடிக்குப் போனான்.

“உன்ரை ரோமாபுரிக்காக உம்மா இன்னும் எத்தினை நாள் சட்டியிலை இருக்கிறது?”

“ரெண்டாயிரம் வருசம் கிடந்த சாமான் நானா. இன்னும் ரெண்டு நாள் தா.”

“சாமான் கிடக்கும். உம்மாவின்ரை மூத்திரம் கிடக்குமோ?”

அவள் மற்ற மூலைக்கு நகர்ந்தாள். சுரண்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் திங்கட்கிழமை ஆட்கள் வருவார்கள், அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை என்று அவன் சொல்லிவிட்டுப் போனான்.

சனிக்கிழமை மத்தியானம் போல், நோயாளிக்கு உடுப்பு மாற்றிவிட்டு யன்னலால் தண்ணீர் ஊற்ற எட்டிப் பார்த்தேன். நளீபா குழிக்குள் குந்தி இருந்தாள். அசையவில்லை. அசையாமல் இருந்த நளீபாவை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். கையில் ஏதோ சின்னதாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதைச் சட்டைப் பைக்குள் போட்டாள். ஏறி வந்து கை கழுவினாள். என்ன கிடைத்தது என்று கேட்டேன். ஒன்றுமில்லை மிஸி என்றாள். அவள் ஒன்றுமில்லை என்று சொல்லி நான் கேட்டதே இல்லை, ஒரு கோழி எலும்புக்கும் கால் மணித்தியாலம் விளக்கம் வரும்.

திங்கட்கிழமை ஆட்கள் வந்தபோது, முக்கியமான இடத்தில் நிற்கிறேன், இன்னும் இரண்டு நாள் என்று கெஞ்சி அவர்களைத் திருப்பி அனுப்பினாள். மின்ஹாஜ் கடையில் நின்றான், அவனுக்குத் தெரியாது. ஆனால் அவள் தோண்டிய முறை மாறியிருந்தது. வாளிகள் எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடந்தன. அரிதட்டு மதிலில் சாய்ந்து கிடந்தது. வேலை செய்கிற மாதிரி காட்டிக்கொண்டு மண்ணை ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்துக்குத் தள்ளினாள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஏறி வந்து தாயை எட்டிப் பார்த்தாள்.

செவ்வாய் காலை நான் வந்து தொட்டுப் பார்த்தபோது நஜ்முன்னிஸாவுக்கு நெருப்பாய்க் காய்ந்தது. பேச்சும் தடுமாறியது. நான் ஒருவரையும் கேட்கவில்லை, ஓட்டோவைக் கூப்பிட்டேன். சிறுநீரில் கிருமி, அது இரத்தத்துக்குப் போகிற நேரம் கொண்டு வந்தீர்கள் என்று வாட்டில் டொக்டர் சொன்னார். சேலைன் ஏற்றி ஊசி போட்டார்கள்.

அடுத்த நாள் பார்வையாளர் நேரத்துக்கு முன்பே நாங்கள் மூன்று பேரும் வாட்டுக்கு வெளியே காத்திருந்தோம். நானும் மின்ஹாஜும் வாங்கில் இருந்தோம், நளீபா நின்றாள். காய்ச்சல் இறங்கிவிட்டது என்று தாதி வந்து சொன்னபோதுதான் அவள் சட்டைப் பையிலிருந்து அதை எடுத்துத் தமையனுடைய கையில் வைத்தாள். நீலநிறப் பிளாஸ்திக் மூடி. கடையில் விற்கும் தண்ணீர்ப் போத்தலின் மூடி.

“இது பிடிக்குக் கீழை கிடந்தது” என்றாள்.

அவனுக்கு விளங்கவில்லை. எனக்கும் இல்லை. அவள் சொன்னாள். குழியில் கீழே கிடப்பது முதலில் விழுந்தது. மூடி கீழே என்றால், அதற்கு மேலே கிடந்த மண்ணும் பிடியும் துண்டுகளும் எல்லாம் அந்த மூடிக்குப் பிறகு கொட்டப்பட்டவை. பக்கக் கல்லில் உளி அடையாளமும் இருக்கிறது. யாரோ முந்தியே அதில் நேராகக் குழி வெட்டி, பிறகு யாரோ அதை மூடியிருக்கிறார்கள். அதை வைத்து ரோமாபுரியைப் பற்றி ஒரு வரியும் எழுத முடியாது.

“எப்ப கண்டனி?”

“சனிக்கிழமை.”

நாலு நாளாக இது அவளுடைய பையில் இருந்தது, திங்கட்கிழமை ஆட்களைத் திருப்பி அனுப்பியதும் இதை வைத்துக்கொண்டுதான். எறிந்துவிடலாம், யாருக்கும் தெரியாது என்று நினைத்ததாகவும் சொன்னாள். எறியவும் முடியவில்லை, சொல்லவும் முடியவில்லை. மின்ஹாஜ் மூடியை விரலுக்குள் உருட்டினான். அடிக்கப் போகிறானோ என்று நான் நடுவில் கையை வைத்தேன்.

“முந்தியே வெட்டின குழி எண்டால்,” என்றான் அவன், “கல்லு உடைக்க மெசின் தேவையில்லையோ?”

“இல்லை.”

“சனிக்கிழமையே சொல்லியிருந்தால் இப்ப கொங்கிறீட் வளையம் இறக்கியிருப்பம், விசரி.”

அவ்வளவுதான் அவன் ஏசியது. என் பங்குக்கு நான் சொன்னது இன்னும் சுருக்கம். எங்களிடம் சொல்லிப் பிரயோசனமில்லை, உள்ளே கிடக்கிற ஆளிடம் போய்ச் சொல் என்றேன். போனாள். நானும் பின்னால் போனேன், சேலைன் கையை ஆட்ட விடக் கூடாது.

நஜ்முன்னிஸா முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் கண்ணைத் திறந்தார்.

“அப்ப ஆரோ இருந்த கக்கூசுக் குழியோ அது?”

“அப்பிடித்தான் இருக்கும் உம்மா.”

“அந்த அரிதட்டை மதிலுக்கு வெளியாலை எறி.”

நளீபாவுக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. தாய் விடவில்லை. மிஸி வைத்த தண்ணீரை எல்லாம் யன்னலால் குறோட்டன் செடிச் சாடிக்குள் ஊற்றியது தான்தான் என்றார். இதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, முகட்டைப் பார்த்துச் சொன்னார்.

“நான் தண்ணியை ஒளிச்சன். நீ மூடியை ஒளிச்சாய். ரெண்டும் போதும் மகள்.”

வீட்டுக்குத் திரும்பியதும் நளீபா புத்தளத்தில் இருக்கும் மாமி றிஸ்வியாவுக்குப் போன் எடுத்தாள். தகப்பனுடைய தங்கை அவர், சின்ன வயதில் அந்த வளவில் இருந்தவர். ஸ்பீக்கரில் போட்டாள். வடமேற்கு மூலையோ என்று மாமி கேட்டுவிட்டு இருமும்வரை சிரித்தார். எங்கள் கக்கூசு அங்கேதான் இருந்தது, வேறு எங்கே வைக்கிறது, இந்தப் பக்கம் கிணறு, அந்தப் பக்கம் கிணறு, கிப்லாவையும் கவனிக்க வேண்டும் என்றார். நாங்கள் கழித்துப் பார்த்துக் கண்டுபிடித்த மூலையை அவர்களுடைய பாட்டன்மாரும் அப்படியே கழித்துப் பார்த்துத்தான் கண்டிருக்கிறார்கள். கட்டடம் சண்டைக் காலத்தில் போய்விட்டது. தகப்பன் திரும்பி வந்து வளவு துப்புரவாக்கும்போது பற்றைக்குள் அந்தக் குழியில் ஒரு கால் போய் விழப் பார்த்தாராம். அன்றே மண் வாங்கி மூடினாராம். அதை மாமிக்குப் போனில் சொல்லி, மண்காரன் கூடக் கேட்டான் என்று குறைப்பட்டாராம். யார் மண்காரன் என்று நளீபா கேட்டாள். சண்டிலிப்பாய்ப் பக்கத்தில் லான்ட்மாஸ்டர் உழவு மெசினில் மண் ஏற்றி விற்கும் ஒருவன், பெயர் தெரியாது என்றார் மாமி.

ஆட்கள் வந்தார்கள். மிச்ச மண்ணை ஒரு நாளில் அள்ளி எறிந்தார்கள். பாட்டன்மார் வெட்டிய கல் நேர்த்தியாக இருந்தது, ஒரு உளி போடத் தேவைப்படவில்லை. வளையம் இறக்கும்போது நளீபா குழியின் விளிம்பில் நின்று கடைசி அளவுகளை எடுத்தாள். தள்ளி நில் பிள்ளை என்று அவர்கள் கத்தும்வரை எடுத்தாள்.

இனி அறிக்கை. விண்ணப்ப நாள் கிட்டி வந்திருந்தது. மின்ஹாஜ் வீட்டில் வைத்திருந்த தையல் மெசினில் சட்டைக்குக் கழுத்துப் பட்டி வைத்துக்கொண்டே அவளுக்கு யோசனை சொன்னான்.

“ஒரு மூடிதானே. அதை விட்டிட்டு எழுது. கிரேக்கத்திலை இருந்து வந்து ஆர் கக்கூசைக் கிண்டப் போறாங்கள்?”

“மூடியை விட்டால், வாப்பா போட்ட மண்ணை ரோமன் போட்டது எண்டெல்லோ எழுதோணும்.”

“அப்ப உனக்கு அங்கை போக விருப்பமில்லை.”

“அங்கை போறது ஒண்டுதான் நானா என்ரை விருப்பம். வேறை ஒண்டும் இல்லை எனக்கு.”

அவன் மெசினை நிறுத்தினான். பிறகு மண்ணிறத் தாளில் நல்ல துண்டு ஒன்றைக் கிழித்து அவளிடம் நீட்டினான். குழியின் பக்கத் தோற்றத்தை அவள் அதில் கீறினாள். கல், உளி அடையாளம், மண், பிடி. பிடிக்குக் கீழே சின்ன வட்டமாக மூடி. பக்கத்தில் 'தண்ணீர்ப் போத்தல் மூடி' என்று எழுதினாள். அந்த வட்டத்தை அவள் போட்டது நான் நஜ்முன்னிஸாவின் காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தபோது. கீறி முடித்ததும் எழும்பி அறையை இரண்டு சுற்றுச் சுற்றினாள். உட்காரச் சொன்னேன், கேட்கவில்லை. நாகேஸ்வரி வாசித்துவிட்டு ஒரு எழுத்தும் மாற்றவில்லை. பிடியையும் துண்டுகளையும் தன் பொறுப்பில் எடுத்துப் போனார்.

மழை பிடிக்க முன் கக்கூசு முடிந்தது. நஜ்முன்னிஸா நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தானாகப் போய் வந்தார். சிறுநீர் வெள்ளையாகப் போகிறது என்று நான் கேட்காமலே அறிவித்தார். என்னுடைய வேலை அங்கே குறைந்தது. கிழமைக்கு இரண்டு தடவை போய் உடற்பயிற்சி மட்டும் செய்வித்தேன்.

கிரேக்கத்திலிருந்து பதில் வந்தது மார்கழி கடைசியில், நான் அங்கே இருந்த ஒரு நாள். நளீபா வாசலில் நின்றபடி வாசித்தாள். இந்த வருடம் இடம் தர முடியவில்லை. அடுத்த வருடமும் விண்ணப்பிக்கலாம். கீழே ஒரு கேள்வி எழுதியிருந்தார்கள். குழியை நிரப்பிய மண் எங்கே வெட்டப்பட்டது என்று தெரியுமா?

தாய் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறுதல் சொல்ல வாயெடுத்தார் என்று நினைக்கிறேன். அதற்குள் நளீபா கேட்டது என்னை.

“மிஸி, உங்கடை பக்கம் புகையிலைக்கு இப்பவோ கொத்துறவை?”

மழை விட்டால் கொத்துவார்கள், அடி மண்ணும் அதில் கிடக்கும் ஓட்டுத் துண்டுகளும் மேலே வரும் என்றேன். சண்டிலிப்பாயில் லான்ட்மாஸ்டர் வைத்திருப்பவர்கள் ஒன்றிரண்டு பேர் இல்லை, பாதி ஊரே வைத்திருக்கும் என்றும் சொன்னேன். அதை அவள் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. தமையனுடைய பழைய சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டது. தாய் சாப்பிட்டுவிட்டுப் போ என்று கூப்பிட்டார். பாணுக்குள் பருப்பை வைத்து மடித்துக் கையில் எடுத்துக்கொண்டாள்.

பின்னேரம் நான் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது மானிப்பாய்க்கு அப்பால் அவளைக் கண்டேன். சைக்கிளைச் சாய்த்துவிட்டு, தோட்டம் ஒன்றின் வரம்பில் நின்று ஒரு கிழவரோடு கதைத்துக்கொண்டிருந்தாள். மண்காரனைத் தெரியுமோ என்று கேட்டிருப்பாள், கிழவர் இல்லை இல்லை என்று கையை ஆட்டினார். பஸ் நின்று ஆள் ஏற்றிப் புறப்படும்வரை பார்த்தேன். அவள் அவருக்குத் தலையாட்டிவிட்டு, சைக்கிளை நிமிர்த்தாமலே அடுத்த தோட்டத்துக்கு நடந்தாள்.